இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

என் தங்கையின் வீட்டுக்காரரிடம் ஒரு சிவப்புக் கார் இருந்தது. சீமையில் செய்தது. கூரை கிடையாது, இரண்டே பேர்தான் உட்காரலாம். கோயமுத்தூரில் ஒரு மில் குடும்பத்திடம் பழசாக வாங்கியது. நல்லூரில் எங்கள் தையல் கம்பெனி வாசலில் நிறுத்தி, பனியன் வேஸ்ட் துணியால் தினமும் அவரே துடைப்பார்.

ஞாயிறு விடிந்தால் என்னை ஏற்றிக்கொண்டு தாராபுரம் ரோட்டில் கிளம்பிவிடுவார். அவிநாசிபாளையம் வருவதற்குள் காற்றில் என் திருநீறு பறந்துவிடும். "மச்சான், சாமியே பயந்து எறங்கிருச்சு, கெட்டியாப் புடிங்க!" என்று கத்துவார்.

வெளிநாட்டுக்குத் துணி அனுப்ப இருந்த கோட்டா எடுபட்டு ஆர்டர் குவிந்த வருசம் தங்கை அழுதாள். "ஏனுங்ண்ணா, ரெண்டு கொழந்தைங்கள இழுத்துக்கிட்டு நான் பஸ்ல கோயிலுக்குப் போறேன். நீங்க ரெண்டு பேரும் ஜாலியாக் கார்ல சுத்தறீங்க."

சுருக்கென்றது. மாப்பிள்ளையிடம் சொன்னேன். சிவப்புக் காரை விற்றால்தான் பெரிய வண்டி வாங்க முடியும். அவர் வேஸ்ட் துணியை எடுத்துக் காரை இன்னொரு தடவை துடைத்தார். பிறகு, "குலசாமிகிட்டப் பூக் கேப்போங்க மச்சான். வெள்ளை வந்தா வித்தர்றேன். செவப்பு வந்தா அப்பறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார்.

வெள்ளைப் பூ ஒன்றிலும் சிவப்புப் பூ ஒன்றிலுமாக வாழையிலையில் பொட்டலம் கட்டிச் சாமி காலடியில் வைப்போம். கைக்கு வருவதுதான் உத்தரவு. கட்டுகிற பொறுப்பை என்னிடம் விட்டார்கள். கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து செவ்வரளியை எடுத்தேன். தங்கை அழுத முகம் வந்தது. அரளியைக் கீழே போட்டுவிட்டு இரண்டிலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். மூன்று வேளையும் சாமி கும்பிடுகிறவன் நான்.

மாப்பிள்ளை ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. கண்ணில் ஒற்றிக்கொண்டார். மற்றதை யாரும் பார்க்கும் முன்னே சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஊருக்கு வரும்வரை நெஞ்சில் ஈரமாகவே இருந்தது.

அந்த மாதமே கார் போய்விட்டது. கொடுக்கிற அன்றும் துடைத்துத்தான் கொடுத்தார்.

புது வண்டியைக் குறை சொல்ல வாயில்லை. ஏழு பேர் தாராளமாகப் போகலாம். சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பும். பழசு மூன்று தடவை இருமித்தான் கிளம்பும். மழை வந்தால் புளியமரத்தடியில் ஒதுங்க வேண்டும். புதுசில் ஏசி, பாட்டு, குழந்தைகளுக்கு நல்ல தூக்கம். தங்கை முகத்தில் சிரிப்பு. டிரைவர் ஓட்டுகிறார். மாப்பிள்ளை நடுச் சீட்டில் செல்போனைப் பார்த்துக்கொண்டு வருவார், நான் பின்சீட்டில். திருநீறு அப்படியே இருக்கும். யாரும் கத்துவதில்லை.

ஒரு தடவை மட்டும் திரும்பிப் பார்த்து, "அன்னைக்குச் செவப்பு வந்திருந்தா இந்நேரம் காத்துல போயிருப்போம் இல்லீங்களா மச்சான்? செரி, சாமி சொல்லிருச்சு" என்றார். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். குழந்தை அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போன தையில் என் மகளுக்கு வரன் வந்தது. பூக் கேட்கக் கோயிலுக்குப் போனோம். இலையையும் பூவையும் தங்கை வீட்டுக்காரரிடம் நீட்டி, "நீங்க கட்டுங்க" என்றேன்.

"என்னுங்க மச்சான், உங்க கை ராசியான கை. நீங்களே கட்டுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒன்றில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை. கட்டிய பொட்டலத்தை இரண்டு முறை பிரித்துப் பார்த்துக் கட்டினேன்.