அடிக்கிறவன் உள்ளே, அடிபட்டவள் வெளியே

இன்று எங்கள் கீரி ஊர்க் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் குடும்ப வன்முறையைத் தடுக்கப் பழக்கும் ஒரு கணினி விளையாட்டைக் காட்டினார்கள். பேத்தியோடு நானும் போனேன்.

திரையில் புருஷன் கை ஓங்குகிறான். மனைவி என்ன செய்ய வேண்டும்? பேத்தி யோசிக்காமல் "வீட்டை விட்டு வெளியேறு" என்பதைத் தொட்டாள். கைதட்டல் சத்தத்தோடு புள்ளிகள் ஏறின.

நான் எழும்பினேன். "மிஸ், அந்த வீடு ஆருடைய வீடு?"

கொழும்பிலிருந்து வந்த மிஸ், "ரெண்டு பேருடையதும்தானே ஐயா" என்றார்.

"இஞ்ச வீடு பொம்பிளைக்குக் குடுக்கிற சீதனம். மாப்பிளைதான் வந்து இருக்கிறவர். அவரை வெளியில அனுப்ப ஏன் ஒரு பட்டன் இல்லை?"

"பெரியவர் தன்ர வீட்டுக் கதையைத் தொடங்கிட்டார்" என்றது பின்வரிசை. சிரித்தார்கள்.

"அதுக்குக் கோர்ட்டில கட்டளை எடுக்கோணும் ஐயா. பிள்ளையளுக்கு விளங்காது" என்றார் மிஸ்.

"பள்ளிக்கூடம் முடிக்காத நானே சட்டத்தை வாசிச்சு விளங்கினனான். இவைக்கு விளங்காதோ?"

"இருங்கோ ஐயா" என்றார் மிஸ்.

பேத்தியும் அவள் தாயும் போன கோயில் பெருநாளிலிருந்து என் வீட்டு விறாந்தையில் பாய் போட்டுப் படுக்கிறார்கள். மகளுக்கென்று நான் கட்டிய வீட்டில் மருமகன் தனியாக இருக்கிறான். வாசலில் புதிதாகத் தகரப் பந்தலும் போட்டிருக்கிறான்.

மருமகனை வெளியே அனுப்பிய மாமனார் யாராவது மன்னாரில் இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். மகளைச் சமாதானமாகப் போகச் சொல்கிறவர்கள் எழுதிச் சிரமப்பட வேண்டாம். அவர்கள் எல்லோரும் நேரிலேயே வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.