ராணியின் அப்பா இருந்த சரிவு

போன மாதம் கொச்சியில் இடப்பள்ளி மாலில் மகள் என்னை ஒரு கடைக்குள் இழுத்துப் போனாள். கண்ணாடிச் சாடிகளில் விதவிதமான தேயிலை. விற்கிற பெண் ஒரு சாடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். மகள் அடுத்த சாடிக்குப் போய்விட்டாள். அந்த வாசனையில் நான் பழைய மட்டாஞ்சேரிக்குப் போய்விட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு தேயிலைக் கிடங்கில் பாக்கெட் போடும் வேலை எனக்கு. ஒரு பக்கம் சுக்குக் கிடங்கு, மறுபக்கம் மிளகு, நடுவில் எங்கள் தூள். தும்மாமல் ஒரு வாக்கியம் பேசி முடித்தவள் அங்கே கிடையாது. பெட்டிகளில் பாதி மூணாறிலிருந்து வரும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராணியும் மூணாறுதான். லயம் என்று சொல்லும் தோட்டத்து வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள். அவளுக்கு நினைவு தெரியும் முன்பே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா கொழுந்து பறித்து வளர்த்தார்.

அம்மா ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது.

"அம்மாவக் கூட்டிட்டு வரணும் சேச்சி. தனியாப் போனா அது அழுது என்னையும் அங்கயே இருத்திரும். நீங்களும் வாங்க," என்றாள் ராணி.

நான் அதுவரை ஆலுவாவைத் தாண்டியதில்லை. குளிருக்குப் பயந்து ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டரும் அண்ணனின் குரங்குக் குல்லாவுமாக பஸ் ஏறி, கோதமங்கலம் வருவதற்குள் வெந்துபோனேன். அடிமாலிக்கு மேல் வாந்தியில் தலை ஜன்னலுக்கு வெளியேதான். மலை அழகைப் பற்றிக் கேட்டால், சாலையோரக் கற்களைப் பற்றி மட்டும் விவரமாகச் சொல்வேன்.

இறங்கியபோது ஊரே இல்லை, பனிதான் இருந்தது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக ஊரைத் திருப்பிக் கொடுத்தது. முதலில் ஒரு கல் தேவாலயம், அப்புறம் சிவப்புத் தகரக்கூரை, புகைபோக்கி வைத்த பங்களா. வெள்ளைக்காரர்கள் காட்டை அழித்து, தங்கள் ஊர் ஞாபகத்தில் கட்டிக்கொண்ட ஊர். கடைத்தெருவில் காதில் விழுந்ததெல்லாம் தமிழ். என் கொச்சித் தமிழைக் கேட்ட சாயாக்கடைக்காரர், "நீங்க மலையாளத்துலயே சொல்லுங்க, எனக்குப் புரியும்," என்றார்.

லயத்தில் அம்மா எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்திருந்தார். அழவில்லை. "அப்பாகிட்ட சொல்லிட்டுக் கெளம்புவோம்," என்றார்.

தேவாலயத்துக்குப் பின்னால் மேட்டில் கல்லறைகள் இருந்தன. பாசி படிந்தும் பெயர்கள் வாசிக்கக் கிடைத்தன. நான் அங்கே நின்று செருப்பைக் கழற்றினேன்.

"அது வெள்ளக்காரத் தொரமாருக்கு, புள்ள," என்று அம்மா மேலே நடந்தார்.

ஒற்றையடிப் பாதை முடிந்த இடத்தில் ஒரு சரிவு. தேயிலைச் செடிகளைத் தவிர ஒன்றுமில்லை. அம்மா ஒரு பாறையிலிருந்து செடிகளை எண்ணிக்கொண்டு போய் ஒன்றின் முன்னால் நின்றார்.

"இங்கதான் பொதச்சோம். பொறவு மேல செடி வச்சுட்டாங்க."

ராணி அதை அன்றுதான் கேட்கிறாள். "இத்தன நாள் சொல்லவே இல்லியேம்மா."

"சொல்லி என்ன செய்ய? இருவது வருசமா இந்தச் செடியில வேற ஆள் கை படவிடல. நாந்தான் எடுத்தேன்."

அந்தக் கொழுந்தும் பெட்டியேறி எங்கள் கிடங்குக்கு வந்திருக்கும் என்று தோன்றியது. ராணிக்கும் தோன்றியிருக்க வேண்டும். தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா செடியிடம், "நான் புள்ளகூட கொச்சிக்குப் போறேன்," என்று, பக்கத்து வீட்டில் சொல்வதுபோல் சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினார். அழைத்துப்போக வந்த ராணிதான் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் கூப்பிட்டும் எழவில்லை. அம்மா திரும்பி வந்து கையைப் பிடித்துத் தூக்கினார்.

"எந்திரி. பஸ்ஸு போயிரும்."

மட்டாஞ்சேரியில் அம்மா ஆறு வருஷம் இருந்தார், கடைசிவரை வியர்த்துக்கொண்டே. கிடங்கை மூடிவிட்டார்கள். ராணி இப்போது மகனோடு திருப்பூரில் இருக்கிறாள். சாடியை மூக்கருகே நீட்டிய அன்றே மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். அடுத்த வாரம் மூணாறுக்குக் காரில் கூட்டிப்போனாள். போகும் வழியில் ராணி போனில், "அந்த எடத்த ஒரு தடவ பாத்துட்டு வாங்க சேச்சி," என்றாள்.

பாதை அகலமாகித் தார் போட்டிருந்தது. முடிகிற இடத்தில் ஒரு பெரிய விடுதி. சரிவை வெட்டிச் சமமாக்கிக் கார்கள் நிறுத்த இடம் செய்திருந்தார்கள். காவலாளிச் சேட்டனிடம் பாறையைப் பற்றிக் கேட்டேன்.

"அதொக்கெ பொட்டிச்சு களஞ்ஞு," என்றார். உடைத்து எறிந்தாயிற்றாம். எங்கள் காரும் அங்கேதான் நின்றது.

சாயங்காலம் ராணி மறுபடி கூப்பிட்டாள்.

"ஒரே பனி ராணி. ஒண்ணும் தெரியல," என்றேன்.

"பனி வெலகுனா தெரியும் சேச்சி. அங்கதான் இருக்கும்," என்றாள்.