உயர்ஸ்தானிகருக்குக் கொண்டுபோன பயத்தம் பணியாரம்

கனடாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான உயர்ஸ்தானிகர் பதவியின் வரலாற்றை நான் பல்கலைக்கழகத்துக்காக எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அப்பாவின் ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. டொக்டர் மாதங்கள் என்று சொல்லவில்லை, கிழமைகள் என்றார். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அண்ணாவை ஒருமுறை பார்க்க வேண்டும்.

நாங்கள் கனடாவுக்கு வந்தபோது அண்ணா பிள்ளைகளுக்கான வயதெல்லையைத் தாண்டியிருந்தார், எங்களோடு சேர்க்கவில்லை. இப்போது விசிட்டர் விசா கேட்டார். மறுத்தார்கள். டொக்டரின் கடிதத்தோடு திரும்பக் கேட்டார். திரும்பவும் மறுத்தார்கள். வந்தால் திரும்பிப் போவார் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லையாம்.

கனடாவில் மல்வேர்ன் பகுதியிலிருக்கும் எங்கள் வீட்டில் என் ஆய்வு எல்லாருக்கும் மனப்பாடம். சோறு சாப்பிடும்போதுகூட மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். பொதுநலவாய நாடுகள் தங்களுக்குள் தூதுவர்களை அனுப்புவதில்லை, உயர்ஸ்தானிகர்களைத்தான் அனுப்பும். தொடக்கத்தில் இரண்டு நாட்டுக்கும் ஒரே அரச முடி; ஓர் அரசர் தனக்குத் தானே எப்படித் தூது அனுப்புவது? ஒரு பிரதமர் மற்றப் பிரதமருக்கு எழுதும் அறிமுகக் கடிதம் போதும். ஒரே குடும்பம் என்ற நினைப்பு. பிறகு இலங்கை குடியரசானது. பதவியின் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

"உனக்கு உந்த உயர்ஸ்தானிகர்மார் எல்லாரையும் தெரியும். அவையள் ஒருத்தருக்கும் உன்னைத் தெரியாது," என்று அப்பா பகிடி பண்ணுவார்.

அம்மாவுக்கு அது பகிடியாகப் படவில்லை. கொழும்பில் முன்பு கனடாவின் உயர்ஸ்தானிகராக இருந்த ஒருவர் எங்கள் வளாகத்தில் பேச வருகிறார் என்று நான் சொன்னதுதான் தாமதம், பயறு வறுக்கத் தொடங்கிவிட்டார்.

"அம்மா, அவர் இப்ப பென்சன்காரர். இருந்த காலத்திலையும் விசா குடுக்கிறது அவரின்ரை வேலையில்லை."

"வேலையில்லாட்டி என்ன, ஒரு சொல்லுச் சொல்லலாம்தானே. பெரிய ஆக்களிட்டை வெறுங்கையோடை போறேல்லை, பிள்ளை."

பழைய ஐஸ்கிறீம் டப்பாவில் பணியாரம். பஸ்ஸிலும் சப்வேயிலும் என் முதுகுப்பையிலிருந்து வறுத்த பயறும் தேங்காயும் மணத்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் யாரும் இடித்துவிடாதபடி பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பேச்சு முடிந்தது. குடியரசானபோது அந்தப் பதவிக்கு என்ன நடந்தது என்று ஒரு நல்ல கேள்வி தயாராக வைத்திருந்தேன். அது எங்கேயோ போய்விட்டது. அவர் தனியாக நின்ற நேரம் பார்த்து டப்பாவைத் திறந்து நீட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. யாழ்ப்பாணத்தில் சாப்பிட்டிருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி ஒன்று எடுத்தார், இன்னொன்றும் எடுத்தார். அவர் மென்றுகொண்டிருக்கும்போதே அப்பாவையும் அண்ணாவையும் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மெல்லுவதை நிறுத்தினார். விசாவைத் தீர்மானிப்பது வேறு அதிகாரிகள், அதில் உயர்ஸ்தானிகர் கைவைக்கவே முடியாது, தன் காலத்தில் தன்னுடைய சாரதியே கேட்டும் முடியவில்லை என்று மெதுவாகச் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை. என் கட்டுரையில் நானே எழுதியிருந்த விஷயம்தான். பஸ் ஏறும்போதே எனக்கு அது தெரியும். அப்படியிருந்தும், ஒரேயொரு போன்கோல் எடுக்க முடியாதா என்று இன்னொரு தடவை கேட்டேன். அவர் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்தார். அப்பாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

வீட்டில் அப்பாவின் கட்டில் வாசல் கதவைப் பார்த்தபடி போட்டிருந்தது. தலையணையில் சாய்த்து வைத்த போனில் அண்ணாவின் முகம். அங்கே அப்போதுதான் விடிகிறது.

"என்ன சொன்னவர்?" என்றார் அம்மா.

"ரெண்டு பணியாரம் சாப்பிட்டவர்." டப்பாவை மேசையில் வைத்தேன். "அப்பான்ரை பேரைக் கேட்டவர்."

அப்பா போனை எடுக்கக் கையை நீட்டினார். நான் எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"கேட்டியே மோனை, உயர்ஸ்தானிகர் என்ரை பேரைக் கேட்டவராம்."

"அப்ப விசா வருமே, அப்பா?"

அப்பா என்னைப் பார்த்தார். என் கட்டுரையை முழுக்கக் கேட்டவர் அவர்.

"வரும். நீ உடுப்புகளை எடுத்து வை. இஞ்சை சரியான குளிர்."