நாங்களே அறுத்த கார்

அம்பத்தூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஐ.டி.ஐ.யில் கூடப் படித்த உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை அனுப்புகிறேன். பெயின்ட் கருகிய நாற்றம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

இங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கள் பட்டறை மூன்று வருடமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்துகொண்டிருந்தது. புதிதாக வந்த புகை விதியில் அதன் என்ஜின் தேறவில்லை. வாங்குவதாகச் சொன்னவர்களும் வெளிநாட்டுக் கார் பக்கம் போய்விட்டார்கள்.

இன்று காலை முதலாளி வந்தார். "அறுத்துடுங்கப்பா. டெம்போவுக்கு பாடி கட்ற ஆர்டர் வந்திருக்கு, எடம் வேணும்" என்றார்.

அந்த என்ஜினைக் கோத்தவர் ஃபிட்டர் ஏகாம்பரம் அண்ணன். கார் ஒருநாளும் பட்டறை வாசலைத் தாண்டியதில்லை.

"ஒரே ஒரு தபா ரோட்ல ஓட்டிப் பாத்துக்கிறேன் சார்" என்று கேட்டார்.

"நம்பர் இல்லாத வண்டிப்பா. போலீஸ் புடிச்சா யார் பதில் சொல்றது?" என்றார் முதலாளி.

நான் கேஸ் கட்டரை எடுத்ததும் அண்ணன் கையை நீட்டினார்.

"இங்க குட்றா. வேற எவனும் அது மேல கை வெக்கக் கூடாது."

மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழாமல் அவரே அறுத்து முடித்தார். நான் துண்டுகளைத் தாங்கிப் பிடித்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியபோது அவர் கண் சிவந்திருந்தது.

"பொகைடா" என்றார்.

சாயங்காலம் இரண்டு பேரும் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

உங்கள் கம்பெனிகளில் எங்கள் இரண்டு பேருக்கும் வேகமே தேவைப்படாத வேலை ஏதாவது இருந்தால் பதில் எழுதுங்கள்.