பலாக்கட்டைக்குள் ஒரு சைக்கிள் குண்டு

"தம்பி, ஒங்கட சாமானொண்டு மரத்துக்குள்ள ஈக்கிது. ஓடி வாங்கொ," என்று அலவத்துகொடயில் மரம் அறுத்து விற்கும் மரக்காலை நானா போனில் கத்தினார். வாய்வழியாக மருந்து திணித்துச் சுடும் பழைய துவக்குகள் என்றால் எனக்குப் பைத்தியம் என்பது அவருக்குத் தெரியும். கண்டியில் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். ராஜாவின் படை, வெள்ளைக்காரச் சிப்பாய்கள், எவனோ குறி தவறிச் சுட்ட ஈயக்குண்டு. அக்குறணை வருவதற்குள் ஒரு யுத்தமே நடத்தி முடித்திருந்தேன்.

"மியூசியத்துல வெச்சா என்ட பேரையும் போடச் சொல்லுங்கொ," நானா சிரித்தார்.

பலாக்கட்டையைப் பார்த்ததும் ஆசை செத்துவிட்டது. ஈயம் துருப்பிடிக்காது, அறுத்த இடத்தில் தெரிந்த குண்டைச் சுற்றித் துருக்கறை. அதுவும் பட்டைக்கு அடியிலேயே; ராஜா காலத்துக் குண்டென்றால் மரம் வளர்ந்து ஆழத்தில் மூடியிருக்கும். சைக்கிள் சில்லுக்குள் இருக்கும் இரும்புக் குண்டு. பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கில் இதைத்தான் போடுவார்கள். துவக்கை மரத்தில் கட்டி, பாதைக்குக் குறுக்கே கம்பி இழுத்துவிடுவார்கள். கம்பி தட்டினால் வெடிக்கும். அது அடிமரக் கட்டை, குண்டு இருந்ததும் முழங்கால் உயரத்தில்.

"நானா, இது எங்க வெட்டின மரம்?"

"ஹேவாஹெட்டயில. தோட்டத்து ஓடைக்கு மேல ஒரு வளைவு ஈக்கிதே, அங்க."

என் மச்சான், அக்காவின் கணவர், போன வருடம் வலது காலை இழந்தது அந்த வளைவில்தான். பக்கத்தில் கிடந்த துவக்கு அவருடையது, கொண்டுபோகும்போது கைதவறி வெடித்தது என்று பொலிஸ் வழக்கு. கைதவறி வெடித்திருந்தால் குண்டு மண்ணுக்குள் போயிருக்கும். எதிரே நின்ற பலாவில் இப்படிக் கிடைமட்டமாக ஏறியிராது. கட்டியிருந்த துவக்கு வெடித்த வேகத்தில் கட்டறுந்து விழுந்திருக்க வேண்டும். அந்தத் துண்டை மட்டும் அறுத்து வாங்கிக்கொண்டு, குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று வரிசையாக நிற்கும் தோட்டத்து லயத்துக்கு, அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

மச்சான் அதைத் தொடவில்லை. அக்கா பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்வரை காத்திருந்தார்.

"கட்டுனது யாருன்னு எனக்குத் தெரியும்டா. என்னைய முதுகுல தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனானே, பக்கத்துக் காம்பராக்காரன், அவன்தான்."

"அப்பறம் ஏன் வாயத் தொறக்கல?"

"துவக்கு கட்டுனா, ஆளுங்க அந்தப் பக்கம் போகாம இருக்க கெளையில செகப்புத் துணி தொங்கவிடணும். அவனும் விட்டான். ஒங்கக்கா ஏதோ கந்தல்னு நெனச்சு, அவுத்து வெறகு கட்டிக்கிட்டு வந்துட்டா. கோட்டுல அவன இழுத்தா மொதல்ல அதத்தான் சொல்லுவான்."

"அக்காவுக்கு…"

"தெரியவே கூடாது. பழி எம்மேலயே இருக்கட்டும்."

வழக்கின் அடுத்த தவணையில் மச்சான் ஊன்றுகோலில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டார். பின்வரிசை வாங்கில் என்னோடு உட்கார்ந்திருந்த அக்கா என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"துவக்கத் தொட்டதே இல்லியேடா இந்த மனுசன். எதுக்குடா ஒத்துக்கிறாரு?"

வாசலில் நின்ற பொலிஸ்காரர் சத்தம் போடவேண்டாம் என்று சிங்களத்தில் அதட்டினார். அதைச் சாக்காக வைத்து நான் பேசாமல் இருந்துவிட்டேன்.