டிரம்ஸ்காரருக்கு ஒரு துண்டு

தொண்ணூறுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமான புதிது. நாடெங்கும் பேர்போன ராக் குழு ஒன்று கோவையில் ஒரு தியேட்டரில் கச்சேரி செய்யப்போவதாகப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கல்லூரி விடுதியில் அவர்களுடைய பாட்டைக் கேட்டுக்கொண்டே தூங்கியவள் நான். வாக்கப்பட்டதோ கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டில். பஸ்ஸில் போகும்போது அந்தப் போஸ்டரை நான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததைக் கவனித்த என் கணவர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே டிக்கெட் வாங்கி வந்துவிட்டார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே ஒரு பயம். அவருக்கும் இங்கிலீஷ் பாட்டுக்கும் காத தூரம். இது பிடிக்காமல் போய்விட்டால், நான் உயிராக நினைப்பதை இனி வீட்டில் வாய்திறந்து பேசக்கூட முடியாதே!

தியேட்டர் முழுக்க ஜீன்ஸ் கூட்டம். இவர் மட்டும் வெள்ளை வேட்டி சட்டை, தோளில் புதுத் துண்டு. கிடார் ஆரம்பித்ததும் பையன்கள் எழுந்து குதித்தார்கள். நானோ மேடையைப் பாதி, அவர் முகத்தைப் பாதி பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையவே இல்லை. சரி, போச்சு என்று நினைத்தேன்.

அப்புறம் டிரம்ஸ்காரர் தனியாக வெளுத்துவாங்க ஆரம்பித்தார். பாதியில் இவர் எழுந்தார். வெளியே போகிறாராக்கும் என்று நானும் எழுந்தால், மனுஷன் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே மேடைக்கு நடக்கிறார்! எங்கள் பக்கம் நோம்பி என்று சொல்லும் கோயில் திருவிழாவில் மேளம் களைகட்டினால், அடிப்பவருக்குத் துண்டு போர்த்தி மரியாதை செய்வது வழக்கம். அதை இங்கேயும் செய்யக் கிளம்பிவிட்டார்.

காவலுக்கு நின்றவர்கள் மறித்தார்கள். பின்னாலிருந்து விசில், சிரிப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, "ஏனுங்க, வாங்க போலாம். எல்லாரும் சிரிக்கறாங்க" என்றேன்.

"சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்க, அம்மணி. இந்த அடி அடிக்கிற மனுசனுக்கு ஒரு மருவாதி செய்யாம எப்படி ஊட்டுக்குப் போறது?"

பாடகர் இதைப் பார்த்துவிட்டு, மேலே விடச் சொல்லிக் கைகாட்டினார். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார், துண்டைப் போர்த்தினார், கும்பிட்டார். டிரம்ஸ்காரர் எழுந்து நின்று பதிலுக்குக் கும்பிட்டார். துண்டை எடுத்துத் தலையில் உருமாலாகக் கட்டிக்கொண்டு மறுபடி அடித்தாரே ஒரு அடி! சிரித்த கூட்டமே எழுந்து நின்று கைதட்டியது.

பக்கத்தில் நின்ற பெண், அவர் யார் என்று கேட்டாள். "எங்க ஊட்டுக்காரருங்க" என்று அந்தச் சத்தத்திலும் கேட்கும்படி கத்திச் சொன்னேன்.

எனக்குப் பிடித்ததை இவர் பொறுத்துக்கொண்டால் போதும் என்றுதான் அன்றைக்கு வேண்டிக்கொண்டு போனேன். அதை என்னைவிட மரியாதையாக ரசிக்கத் தெரிந்தவருக்குத்தான் வாக்கப்பட்டிருக்கிறேன் என்பது, எங்களுக்குள் சண்டை வரும் நாளில்கூட எனக்கு மறப்பதில்லை.