முத்திரைக்கட்டையில் ஒட்டிய சுண்ணாம்பு

என் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டை கிடக்கிறது. உள்ளங்கை அகலம், பலா மரம், பிடிக்க ஒரு குமிழ், அடியில் ஓர் ஏர் செதுக்கியிருக்கும். அறுவடைக் களத்தில் நெல்லைக் குவித்ததும் சாணிப்பாலில் இதை முக்கிக் குவியலைச் சுற்றி அழுத்திவிடுவார்கள். அப்புறம் ஒரு கைப்பிடி அள்ளினாலும் முத்திரை உடைந்து காட்டிக்கொடுக்கும். என் வீட்டுக்காரருக்குக் களக்காவல் தகப்பன் வழி வந்த வேலை. கட்டையும் அப்படி வந்ததுதான். பூதப்பாண்டிப் பக்கத்தில் அவர் முத்திரை வைத்த குவியலை இன்னொருத்தர் வந்து சரிபார்த்தது கிடையாது. பெருமைக்குத்தான் சொல்கிறேன். எங்களிடம் வேறு என்ன இருந்தது?

எனக்குக் கல்யாணமான புதிதில் அந்த ஊர்ப் பண்ணையார் தம் வளவுக்குள்ளேயே, பழைய வீட்டுக்கு முன்னால், மாடி வீடு ஒன்று கட்டத் தொடங்கினார். வேலையை எடுத்தவர் நாகர்கோவில் கண்டிராக்டர். வேலை தொடங்கிய அன்றைக்கே இரண்டு பேரும் பேசி, கட்டடத்தைச் சுற்றி ஒரு கயிறு கட்டினார்கள். தலைவாசலும் வளவும் பண்ணையார் பொறுப்பு. கயிற்றுக்குள் கிடக்கும் மரமும் மணலும் சுண்ணாம்பும் கண்டிராக்டர் பொறுப்பு. உள்ளே காவலுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டுமென்று கண்டிராக்டர் என் வீட்டுக்காரரைத் தேடி வந்து கூப்பிட்டார். அங்கேயே சுண்ணாம்பு அரைக்க நானும் போனேன்.

நீற்றிச் சலித்த சிப்பிச் சுண்ணாம்பு ஓலைக் கொட்டகையில் வெள்ளை மலையாகக் குவிந்து கிடக்கும். சாயங்காலம் கொத்தர்கள் வேலையை விட்டு இறங்கியதும், களத்து நெல்லுக்குச் செய்வதைப்போலவே அதற்கும் அவர் செய்தார். செம்மண் கலக்கிய தண்ணீரில் கட்டையை முக்கி, குனிந்து குனிந்து சுற்றிலும் அழுத்துவார். வெள்ளைமேல் சிவப்பு ஏர்கள் வரிசையாக நிற்கும். "சுண்ணாம்பத் திங்க எந்தக் குருவி வே வரும்?" என்று ஒரு கொத்தர் கேலி பண்ணினார். "இது குருவிக்கு இல்ல வே, கொத்தனுக்கு" என்றார் இவர். எல்லாரும் சிரித்தார்கள். அப்போதெல்லாம் அவருக்கும் சிரிப்பு வரும்.

தை மாதத்தில் பண்ணையார் மகளைப் பெண்பார்க்க வருவதாக இருந்தது. புது வீடு முடியவில்லை. பழைய வீட்டுச் சுவரோ புகையேறிக் கறுத்துக் கிடந்தது. இடிக்கப்போகிற வீட்டுக்கு வெள்ளை எதற்கு என்று பண்ணையார் மறுத்துவிட்டு வெளியூர் போனார். மறுநாள் காலையில் கொட்டகையில் முத்திரை உடைந்து கிடந்தது. சிந்திய தடம் பழைய வீட்டுப் புறவாசலுக்குப் போயிற்று. இவர் போய் நின்றார். பண்ணையார் வீட்டம்மா கதவை முழுதாகத் திறக்கவில்லை. "நம்ம வளவுக்குள்ள கிடக்கத நான் எடுத்தா களவா? எங்க அண்ணன் குடுத்துவிட்டான்னு அவியகிட்ட சொல்லிக்கிடுவேன். நீ மூச்சு விடாத" என்றாள்.

இவர் திரும்பி வந்து குவியலைக் கையால் தடவி ஒதுக்கி, கட்டையை முக்கி, மறுபடியும் முத்திரை வைத்தார். உடைந்தது உடைந்தபடியே கிடக்கட்டும், கண்டிராக்டர் வந்து பார்க்கட்டும் என்று எவ்வளவோ சொன்னேன்.

"ஒரு வீட்டுப் பொம்பளைக்க மானம் ஏட்டி, அதக் கொண்டு சந்தியில வைக்கச் சொல்லுதியா?" என்றார்.

வெள்ளையடித்து முடிகிறவரைக்கும் அவள் எடுத்தாள். இவர் முத்திரை வைத்துக்கொண்டே இருந்தார்.

புது வீட்டுக்குப் பூச்சு வேலை நடக்கையில் சுண்ணாம்பு பாதியிலேயே தீர்ந்துபோனது. கண்டிராக்டர் வந்தார். பண்ணையார் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலைவாசல் வழியாக ஒன்றும் வெளியே போகவில்லை, கயிற்றுக்குள் குறைந்ததற்குத் தாம் என்ன செய்ய முடியும் என்று முடித்துவிட்டார். கண்டிராக்டர் இவர் பக்கம் திரும்பினார்.

"முத்திர உடையல்ல. சரக்கு குறஞ்சிருக்கு. கட்ட ஆருக்க கையில இருந்திச்சு?"

"எனக்க கையிலதான்" என்றார் இவர்.

என்னால் பொறுக்க முடியவில்லை. கையில் சுண்ணாம்போடு முன்னால் போய், "சுண்ணாம்பத் தேடி எங்கயும் போகாண்டாம். ஏமானுக்க முதுகுக்குப் பின்னால நிக்கி" என்றேன்.

பண்ணையார் திரும்பிப் பார்த்தார். பழைய வீட்டுச் சுவர் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. அவருக்கு விளங்கிவிட்டது; முகத்தில் பார்த்தேன். சன்னலுக்குள் வளையல் சத்தம் கேட்டு அடங்கியது. அவர் மெதுவாக முகத்தைத் திருப்பி, முன்போலவே சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"காவல் நின்னவன் சொல்லட்டும்" என்றார்.

இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது ஏமானே" என்றார்.

அன்றைக்கே எங்களை அனுப்பிவிட்டார்கள். அடுத்த அறுவடைக்கு ஒரு களத்திலிருந்தும் அவரைக் கூப்பிட ஆள் வரவில்லை. குலசேகரத்தில் ரப்பர்த் தோட்டத்துக்குப் போனோம். அங்கே கிடந்த வருசங்களில் அவர் எதற்கும் காவல் நிற்கவில்லை. தன் செருப்பைக்கூட எங்கே விட்டோம் என்று பார்க்கமாட்டார். சாகிறவரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் மானத்தைக் காத்தார். கட்டினவளை அத்தனை பேர் நடுவில் பொய்க்காரியாக்கினார். அவருக்காக அழுதிருக்கிறேன், அதற்காக அவரை மன்னித்தேன் என்று மட்டும் இன்றைக்கும் சொல்லமாட்டேன். பண்ணையார் மகளுக்குக் கல்யாணம் நன்றாக நடந்ததாம்.

போன வாரம் பேரன் இந்தக் கட்டையை எடுத்துப் பார்த்தான். அவன் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். கதவு, காவல், பூட்டு என்று ஓயாமல் பேச்சு. கண்ணாடி அலமாரியில் வைக்கலாம் ஆச்சி, அழுக்கைச் சுரண்டித் தாறேன் என்று பேனாக்கத்தியை எடுத்தான். ஏரின் கோடுகளுக்குள் வெள்ளையாக இறுகிப்போய்க் கிடக்கிறதே, அதைத்தான் அழுக்கு என்றான். நான் கட்டையைப் பிடுங்கிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

அந்த வளவிலிருந்து நாங்கள் எடுத்து வந்த சுண்ணாம்பு அவ்வளவுதான்.